ஹெலிகாப்டருக்கு முன் டிரான்ஸ்மிட்டர்

மயிலாப்பூரில் ஒரு மொட்டை மாடியில் நின்றுகொண்டு, செல்பேசியில் வைஃபை பட்டியலைத் திறந்து பாருங்கள். கீழ்வீடு, மேல்வீடு, எதிர்வீடு, தெருமுனைக் கடை என்று பெயர்கள் வரிசையாக வரும். அவற்றுள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் பேசுபவை. புளூடூத் கருவிகள் பேசுவதும் அங்கேதான். ரேடியோவால் இயக்கும் மாதிரி ஹெலிகாப்டரின் டிரான்ஸ்மிட்டரும் இதே சந்தடிக்குள்தான் பேச வேண்டும். அதன் கட்டளை ஹெலிகாப்டருக்கு எட்டாவிட்டால் என்ன ஆகும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுழலியின் விட்டம் 70 செ.மீ. என்றும், அது நிமிடத்திற்கு 2,500 முறை சுழல்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். சுற்றளவு ஏறத்தாழ 2.2 மீட்டர். ஒரு வினாடிக்கு சுமார் 42 சுற்றுகள். ஆகவே இறகின் முனை வினாடிக்கு 90 மீட்டருக்கும் மேலான வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 330 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது! இது விளையாட்டுப் பொம்மை அன்று, பறக்கும் அரிவாள். இதைக் கட்டுப்படுத்தும் ஒரே கயிறு கண்ணுக்குத் தெரியாத ரேடியோ அலை. எனவேதான் ஹெலிகாப்டரைத் தேர்ந்தெடுக்கும் முன் டிரான்ஸ்மிட்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கிரிஸ்டல் காலம்

ரேடியோ மூலம் ஒரு பொருளை இயக்கிக் காட்டியவர் நிக்கோலா டெஸ்லா. 1898-ஆம் ஆண்டு நியூயார்க்கில் ஒரு சிறு படகை இவ்வாறு ஓட்டிக் காட்டினார். பின்னர் வந்த பொம்மைக் கார்கள் பல 27 மெகாஹெர்ட்ஸில் இயங்கின. மாதிரி விமானங்களுக்கு அமெரிக்காவில் 72 மெகாஹெர்ட்ஸும் ஐரோப்பாவில் 35 மெகாஹெர்ட்ஸும் வழக்கில் இருந்தன.

ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும் அல்லவா? 72 மெகாஹெர்ட்ஸுக்கு அது சுமார் 4.2 மீட்டர். ஆன்டெனா அதில் கால் பங்கு இருந்தால் நல்லது. அதாவது ஒரு மீட்டருக்குச் சற்று மேல். பழைய டிரான்ஸ்மிட்டர்களில் நீண்ட கம்பியை இழுத்துவிட்டுக்கொண்டதற்குக் காரணம் இதுதான். 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 12.5 செ.மீ.; கால் பங்கு சுமார் 3 செ.மீ. மட்டுமே. எனவே இன்றைய ஆன்டெனா விரல் நீளத்திற்குள் அடங்கிவிடுகிறது.

அந்நாளில் ஒவ்வொரு டிரான்ஸ்மிட்டருக்கும் ஒரு கிரிஸ்டல். அது நிர்ணயிக்கும் ஒரே அதிர்வெண். அதே அதிர்வெண்ணில் மைதானத்தில் இன்னொருவர் தம் டிரான்ஸ்மிட்டரைப் போட்டுவிட்டால், பறந்துகொண்டிருக்கும் விமானம் தரையில் விழும். ஆகவே பறக்கவிடும் குழுக்கள் ஒரு பலகையில் அதிர்வெண் எழுதிய கிளிப்புகளை மாட்டி வைத்திருந்தன. கிளிப்பை எடுத்தவர் மட்டுமே டிரான்ஸ்மிட்டரைப் போடலாம்.

கடை மாறிச் சந்திக்கும் நண்பர்கள்

தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. தி. நகர் ரங்கநாதன் தெருவில் இரு நண்பர்கள் பேச வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் கூட்டம் இடித்துத் தள்ளிவிடும். எனவே எந்தெந்தக் கடை வாசலில், எந்த வரிசையில் சந்திப்பது என்று முன்னரே பேசி வைத்துக்கொள்கிறார்கள். ஒரு வாசலில் நெரிசல் இருந்தால் அங்கே சொல்லும் சொல் மட்டுமே போகும். அடுத்த வாசலில் பேச்சு தொடரும்.

அதிர்வெண் தாவல் என்னும் முறை இதுவே. டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதிக்குள் ஒரு வினாடியில் பற்பல முறை இடம் மாறுகின்றன. நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தைலும் டார்பிடோக்களை இயக்குவதற்காக இத்தகைய முறை ஒன்றுக்கு 1942-ஆம் ஆண்டு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார்கள். இந்தியாவில் இப்பகுதியில் குறைந்த ஆற்றல் கருவிகளுக்கு உரிமம் வேண்டாம் என்று 2005-ஆம் ஆண்டு விதி வந்தது. ஆனால் கருவி அரசின் வகை ஒப்புதல் பெற்றதா என்று ரிச்சி தெருக் கடையிலும் கேட்டே வாங்க வேண்டும்.

ஒரு நிறுவனத்தின் டிரான்ஸ்மிட்டர் இன்னொரு நிறுவனத்தின் ரிசீவரோடு பெரும்பாலும் பேசாது. இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எத்தனை சேனல்?

இறகின் சாய்வை மாற்றி ஏறி இறங்கும் ஹெலிகாப்டருக்குக் குறைந்தது ஆறு சேனல்கள் வேண்டும். சாய்தட்டை அசைக்கும் சர்வோக்கள் மூன்று, வால் சுழலிக்கு ஒன்று, மோட்டாருக்கு ஒன்று, வாலை நிலைப்படுத்தும் கைரோவின் உணர்திறனைச் சரிசெய்ய ஒன்று. நான்கு சேனல் பொம்மைகளில் இறகின் சாய்வு மாறாது. மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே அவை ஏறி இறங்கும்.

எண்ணிக்கை மட்டும் போதாது. "ஹெலிகாப்டர்" என்னும் தனி வகை அமைப்பு அதில் இருக்க வேண்டும். குச்சியின் ஒவ்வொரு நிலைக்கும் மோட்டாருக்கு எவ்வளவு, இறகுச் சாய்வு எவ்வளவு என்று வளைகோடுகளாக வரைந்து வைக்க இது உதவும். மோட்டாரை மட்டும் உடனே நிறுத்தும் "திராட்டில் ஹோல்ட்" சுவிட்சும் கட்டாயம் தேவை. ஹெலிகாப்டரைக் கையில் தூக்கும்போதெல்லாம் அது போடப்பட்டிருக்க வேண்டும்.

ஏற்றக் குச்சி இடக்கையில் இருந்தால் அது இரண்டாம் முறை. வலக்கையில் இருந்தால் முதல் முறை. எது சிறந்தது? உங்களுக்குக் கற்றுத் தருபவர் எதில் பறக்கவிடுகிறாரோ அதுவே. அப்போதுதான் இரு டிரான்ஸ்மிட்டர்களை இணைத்து, நீங்கள் தடுமாறும்போது அவர் சட்டென்று வாங்கிக்கொள்ள முடியும்.

கேட்க வேண்டிய முதற் கேள்வி

கடையில் எல்லோரும் கேட்பது, "எவ்வளவு தூரம் போகும்?" என்பதே. அதைவிட முக்கியமான கேள்வி, "இணைப்பு அறுந்தால் என்ன செய்யும்?" என்பது.

சில ரிசீவர்கள் கடைசிக் கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கும். கணநேரத் தடங்கலுக்கு அது நல்லது. தடங்கல் நீடித்தால்? வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் போகும் ஹெலிகாப்டர், பத்து வினாடியில் 150 மீட்டர் போய்விடும். எலியட்ஸ் கடற்கரையில் மணலிலிருந்து சுண்டல் வாங்க நிற்பவர்கள் வரை எட்ட அது போதும். எனவே இணைப்பு அறுந்தால் மோட்டார் நிற்கும்படி அமைக்க வேண்டும். ஹெலிகாப்டர் உடையும்தான், மனிதர் பிழைப்பார்.

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் தக்‌ஷா மாணவர் குழு 2018-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் கலந்துகொண்டது. மாதிரி ஹெலிகாப்டர் பறக்கவிடுவதில் ஆர்வம் கொண்ட நடிகர் அஜித் குமார் அக்குழுவுக்கு ஆலோசகராக இருந்தார். கண்ணுக்கு எட்டாத தூரம் பறக்கும் அத்தகைய விமானங்களுக்கும் இதே கேள்விதான் முதற் கேள்வி.

எங்கே பறக்கவிடலாம்?

2021-ஆம் ஆண்டின் டிரோன் விதிகளின்படி, விமான நிலைய எல்லையிலிருந்து 8 கி.மீ.க்குள் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. 8 முதல் 12 கி.மீ. வரை உள்ள வளையத்தில் சுமார் 60 மீட்டருக்கு மேல் போக அனுமதி வேண்டும். மீனம்பாக்கத்தை மையமாக வைத்துப் பாருங்கள்: தென் சென்னையின் பெரும்பகுதி இவ்விரு வளையங்களுக்குள் வந்துவிடுகிறது. இவை தவிர முழுத் தடையுள்ள இடங்களும் உண்டு. ஆகவே அரசின் வான்வெளி வரைபடத்தைப் பார்த்து, பெரியவர் ஒருவருடன், ஆளில்லாத திறந்த வெளிக்கே செல்லுங்கள்.

செய்து பாருங்கள்

ஆசிரியர் அல்லது பெரியவர் முன்னிலையில் ஹெலிகாப்டரின் இறகுகளைக் கழற்றிவிடுங்கள். முதலில் டிரான்ஸ்மிட்டரைப் போடுங்கள். பிறகு ஹெலிகாப்டரின் பேட்டரியை இணையுங்கள். மோட்டாரை மெல்ல ஓடவிட்டு, டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். மோட்டார் உடனே நின்றதா? நின்றால் அடுத்த பாடத்திற்குப் போகலாம். நிற்கவில்லையானால், அதைச் சரிசெய்யும் வரை இறகுகள் பெட்டியிலேயே இருக்கட்டும்.