கிராணிக்குத் தெரியும், கணினிக்குத் தெரியுமா?



இந்த மாதப் பாடத்துக்கு ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்து வச்சுக்குங்க. கைப்பேசி பிறகு.

சுங்கை சிப்புட்டைச் சுற்றி எல்பில், ஹீவுட், டோவன்பி என்று ரப்பர் தோட்டங்கள் நிறைந்திருந்த காலத்தில், பால்வெட்டு வேலைக்கு யாரும் மனு எழுதவில்லை. கங்காணி தன் சொந்த ஊரிலிருந்தே ஆள் திரட்டிக் கொண்டுவந்தார். 1938இல் இந்திய அரசு அதை நிறுத்திய பிறகு, தோட்டத்தில் பிறந்த பிள்ளைகள் அப்பா அம்மா பின்னால் போய் விடியற்காலைப் பெரட்டில் நின்றார்கள். ‘இது யார் மகன்?’ என்று கிராணி கேட்பார். பதில் சொன்னால் போதும், பெயர் செக்ரோலில் ஏறிவிடும்.

அது நல்ல காலம் என்று சொல்ல வரவில்லை. அப்பா பெயரால் வேலை கிடைத்தது. அப்பாவின் வேலைதான் கிடைத்தது. ஆனால் அந்தப் பழக்கம் இன்னும் நம்மை விடவில்லை. ரெஸ்யூமே எழுதச் சொன்னால் மதம், அப்பாவின் தொழில், உடன்பிறப்புகள் எத்தனை பேர் என்று முதல் பக்கம் நிரம்பிவிடுகிறது. பார்த்த வேலைக்கு மட்டும் ஒரே வரி: ‘பிளாஸ்டிக் ஃபாக்டரி, 2 வருஷம்.’ ஏன் தம்பி இவ்வளவுதானா என்று கேட்டால், ‘அதான் எல்லாருக்கும் தெரியுமே அண்ணே’ என்கிறார்கள்.

யாருக்குத் தெரியும்? உங்கள் மனுவைத் திறப்பவர் ஈப்போவிலோ பினாங்கிலோ உட்கார்ந்திருக்கிறார். உங்க அப்பாவையும் தெரியாது, உங்க தாமானையும் தெரியாது. பெரிய நிறுவனம் என்றால் அவருக்கு முன்னாலேயே ஒரு கணினி மென்பொருள் மனுக்களைப் படித்து வரிசைப்படுத்திவிடும். அது விளம்பரத்தில் உள்ள சொற்களைத்தான் தேடும். ‘ஃபோர்க்லிஃப்ட்’ என்று கேட்டிருந்து, உங்களிடம் அந்தச் சான்றிதழ் இருந்தால், அதே சொல்லை எழுதுங்க. விளம்பரம் மலாயில் இருந்தால் மலாயில், ஆங்கிலத்தில் இருந்தால் ஆங்கிலத்தில். தாளைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அந்த மென்பொருள் அதைச் சரியாகப் படிக்கும் என்று நம்ப முடியாது. இரண்டு பத்தி, கலர் கட்டம், நட்சத்திரக் குறி போட்ட அழகான வடிவங்களிலும் அது தடுமாறும். ஒரே பத்தி, ஒரு பக்கம், பி.டி.எஃப். கோப்பு போதும்.

இப்போது அந்தத் தாள். கடைசியாகப் பார்த்த வேலையை எடுத்துக்குங்க. எந்த எந்திரம், எத்தனை பேரோடு, என்ன பொறுப்பு, யாருக்குச் சொல்லிக் கொடுத்தீங்க? உதாரணத்துக்கு, ‘மெஷின் ஆபரேட்டர்’ என்பதற்குப் பதில் இப்படி எழுதலாம்: ‘பிளாஸ்டிக் வார்ப்பு எந்திரங்கள் 2, 12 மணி நேர ஷிப்டு, அச்சு மாற்றுதல், பழுதான பொருளைப் பிரித்தல், புதியவர்கள் 4 பேருக்குப் பயிற்சி.’ இதே ஆள்தான், ஆனா படிக்கிறவருக்கு இப்போதுதான் தெரிகிறார்.

எஸ்.பி.எம். முடித்த கையோடு நிற்பவர்கள் ‘அனுபவம் இல்லை’ என்று எழுதுகிறார்கள். இதில்தான் எனக்குக் கோபமே வரும். கோயில் திருவிழாவில் அன்னதானக் கணக்குப் பார்த்த பிள்ளை, தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் ஆட்களைப் பிரித்து நிறுத்திய பிள்ளை, ஞாயிறுதோறும் தேவார வகுப்பு எடுக்கும் தங்கச்சி, இவர்களுக்கா அனுபவம் இல்லை? எத்தனை நாள், எத்தனை பேர், எவ்வளவு வெள்ளிக்குக் கணக்கு என்று எழுதுங்க. இல்லாததை மட்டும் சேர்க்காதீங்க. எஸ்.கே.எம். லெவல் 2 வைத்துக்கொண்டு 3 என்று போட்டால், நேர்முகத் தேர்வில் அசல் சான்றிதழைக் கேட்கும்போது தலை குனிய வேண்டிவரும்.

எங்கே தேடுவது? சொக்சோ நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் இலவசம். ஜாப்ஸ்திரீட் நம் நாட்டில் பிறந்த தளம்தான். அரசாங்க வேலைக்குப் பொதுச் சேவை ஆணையத்தின் தளத்திலேயே பதிய வேண்டும். பதிந்த பிறகு மின்னஞ்சலைத் தினமும் பாருங்க, ஸ்பேம் பெட்டியையும் சேர்த்து. மின்னஞ்சல் முகவரி உங்கள் சொந்தப் பெயரில் இருக்கட்டும். நடிகர் பெயர் வேண்டாம். ஆட்குறைப்பில் வேலை போனவர்கள் 60 நாளுக்குள் சொக்சோவில் வேலைக் காப்புறுதிக்கு மனு செய்யணும். தகுதி இருந்தால் வேலை தேடும் காலத்துக்கு உதவித்தொகை உண்டு. இது பலருக்குத் தெரியாமலே நாள் கடந்துபோகிறது.

இன்னொன்று, இதைப் பெற்றோரிடமும் படித்துக் காட்டுங்க. முன்பணம் கேட்கிற வேலை, டெலிகிராமில் மட்டும் பேசுகிற முதலாளி, டிக்கெட் நாங்களே போடுகிறோம் என்று வெளிநாட்டுக்கு அழைக்கும் ஏஜெண்டு, எதற்கும் சரி சொல்லாதீங்க. கம்போடியா, மியன்மார் மோசடிக் கூடங்களில் சிக்கிய மலேசியப் பிள்ளைகள் பலர் அப்படிப் போனவர்கள்தான். நம் தாத்தாவுக்கும் கப்பலேறும் முன் இப்படித்தான் ஆசை காட்டினார்கள். ரெஸ்யூமேயில் ஐ.சி. எண்ணோ வங்கிக் கணக்கு எண்ணோ போட வேண்டாம். பணம் கட்டி ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 997க்கு அழையுங்க.

அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தாளோடு வாங்க. கணினி இல்லையே என்று தயங்க வேண்டாம், உட்கார்ந்து சேர்ந்தே தட்டச்சு செய்யலாம்.