பரிசேடும் பாலாறும்

நண்பர்க்குப் பரிசளிக்கத் தோலட்டையிட்ட குறிப்பேடு வாங்குங்கால், அதன் அழகையும் விலையையுமே நாம் நோக்குகின்றோம். தோல் பதனிட்ட வகையை வினவுவார் சிலரே. முற்காலத்தில் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கங்களில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பல வாரங்கள் தோலைப் பதனிட்டனர். பின்வந்த குரோமிய முறை விரைவுடையது. அதன் கழிவோ தீங்குடையது. இக்கழிவுகளாற் பாலாறு கெட்டமையின், மாசு செய்தோரே இழப்பீடு செலுத்தல் வேண்டுமென 1996ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பட்டை முறையும் முற்றும் குற்றமற்றதன்று. தோல் அழுகாதிருக்க இடும் உப்பு இருமுறையிலும் கழிவுநீரிற் கலக்கும். ஆதலின், பழந்துணிக் கூழினாற் கையாற்செய்த தாளைத் துணியட்டையிற் கட்டிய ஏடு ஏற்புடைத்து. தோலேட்டையே விரும்பின், பதனிட்ட முறை யாது, கழிவுநீர் எங்குச் சென்றது என வணிகரைக் கேட்போமாக. கேளாது வாங்கும் பரிசின் விலையில் ஒரு பங்கை ஆற்றங்கரை உழவரே செலுத்துகின்றனர்.