இணையத்தின் சாவி யார் கையில்?

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)

கைப்பேசியில் ஒரு இணையதளத்தின் பெயரை அடித்தவுடன் பக்கம் வந்து நிற்கிறது. நடுவே நடப்பது என்ன? கணினிக்குப் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். பெயரைக் கொடுத்தால் எண்ணைச் சொல்ல ஒரு ஏற்பாடு உண்டு. அதன் உச்சியில் இருப்பது ஒரு சிறிய பட்டியல். டாட் காம், டாட் இன் என்று முடியும் பெயர்களுக்கு எந்தக் கணினியிடம் போய்க் கேட்க வேண்டும் என்று அதில் இருக்கும். உலக நாடுகள் இத்தனை வருடம் மல்லுக்கட்டியது இந்தப் பட்டியலுக்காகத்தான் என்றால் நம்புவீர்களா?

ஆரம்பத்தில் சண்டையே இல்லை. கலிபோர்னியாவில் ஜான் போஸ்டல் என்ற ஆராய்ச்சியாளர் ஏறக்குறைய தனி ஆளாகவே பெயர், எண் கணக்கைப் பார்த்துக்கொண்டார். 1998-ல் அந்த வேலைக்காக 'ஐகான்' என்ற லாப நோக்கமற்ற நிறுவனம் அமெரிக்காவில் உருவானது. அதே ஆண்டு அக்டோபரில் போஸ்டல் காலமானார். ஐகான் அரசு அலுவலகம் அல்ல. ஆனாலும் பட்டியலில் ஒரு வரி மாற்ற அமெரிக்க வணிகத்துறையின் ஒப்புதல் வேண்டியிருந்தது. மற்ற நாடுகளுக்குப் பொறுக்குமா? 2005-ல் துனிஸ் நகரில் கூடிய ஐ.நா. மாநாட்டில் பெரிய வாக்குவாதம் நடந்தது. அமெரிக்கா பிடியை விடவில்லை.

இதில் நம்ம இந்தியா எடுத்த நிலையைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 2011-ல் ஐ.நா. சபையில், 50 நாடுகள் கொண்ட குழு இணையத்தை மேற்பார்க்க வேண்டும் என்று இந்தியாதான் கேட்டது. அடுத்த வருடம் துபாயில் நடந்த தொலைத்தொடர்பு மாநாட்டு ஒப்பந்தத்தில் 89 நாடுகள் கையெழுத்துப் போட்டன. இந்தியா அங்கே போடவில்லை. 2015-ல், அரசு, கம்பெனி, பொதுமக்கள் என்று பல தரப்பும் சேர்ந்து நடத்தும் முறைக்கே ஆதரவு என்று அறிவித்தது. பயந்துவிட்டது என்று சிலர் சொல்லலாம். சாப்ட்வேர் வேலைக்கு அமெரிக்காவை நம்பியிருக்கும் நாடு வேறென்ன செய்யும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 2016 அக்டோபர் 1-ல் அமெரிக்க அரசின் ஒப்பந்தம் முடிந்து பொறுப்பு ஐகானிடமே வந்தது.

சரி, இதில் காசு எங்கே இருக்கு? முதலில் எண்ணைப் பாருங்கள். பழைய முறையில் மொத்த முகவரிகளே சுமார் 430 கோடிதான். அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனம் ஒன்றுக்கே ஒரு கோடியே 60 லட்சத்துக்கு மேல் கிடைத்திருந்தது. அதில் பாதியை விற்கப்போவதாக 2017-ல் அறிவித்தார்கள்; அமேசான் வாங்கியது. நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் வந்ததே 1995 ஆகஸ்ட் 15-ல். நாம் பந்திக்கு வருவதற்குள் இலை முடிந்துவிட்டது! 2011 பிப்ரவரியில் உலகக் கையிருப்பின் கடைசித் தொகுதிகளையும் பங்கிட்டுவிட்டார்கள். புதிய முறையான ஐ.பி.வி.6 படிக்கும்போது பாடம் கஷ்டம் என்று முனகுகிறோமே, அது நமக்கு ஏன் அவசியம் என்பது இதில் இருக்கிறது.

எங்க அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். மரம் இங்கே, விலை வேற எங்கயோ என்பது எங்க வீட்டுக்குப் பழகிய விஷயம். இணையத்திலும் அதே கதைதான். நாகர்கோவில் நகைக்கடை வெளிநாட்டு நிறுவனத்துக்கு இணைய விளம்பரக் காசு கொடுக்கிறது என்று வையுங்கள். இங்கே அலுவலகமே இல்லாத நிறுவனத்திடம் எப்படி வரி வாங்குவது? அதற்காக 2016-ல் இந்தியா 6 சதவீத வரி போட்டது. 'கூகுள் வரி' என்று பேர் விழுந்தது. 2020-ல் இணைய வணிக நிறுவனங்களுக்கு இன்னொரு 2 சதவீதம் வந்தது.

அமெரிக்கா சும்மா இருக்குமா? எங்கள் கம்பெனிகளைக் குறிவைக்கிறீர்கள் என்று விசாரணை நடத்தி, 2021-ல் இந்தியப் பொருட்கள் சிலவற்றுக்கு 25 சதவீதக் கூடுதல் சுங்கவரி என்று பட்டியல் போட்டது. அதில் இறால் இருந்தது, பாசுமதி அரிசி இருந்தது, நகை இருந்தது. கூகுளுக்கும் இறாலுக்கும் என்ன சம்பந்தம்! குளச்சல் பக்கம் உள்ள நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்தச் சுங்கவரியை உடனே வசூலிக்காமல் நிறுத்தி வைத்தார்கள். நவம்பரில் சமரசம் ஆனது. 2 சதவீத வரியை 2024 ஆகஸ்ட் 1 முதல் இந்தியா எடுத்தது. 6 சதவீத வரியும் 2025 ஏப்ரல் 1-ஆம் தேதியோடு போனது.