கேலிச்சொல்லும் ஆகுபெயரும்

3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் மிதிவண்டி, 42.2 கிலோமீட்டர் ஓட்டம்: இதுவே அயர்ன்மேன் போட்டி. 2000ஆம் ஆண்டு லங்காவியிலும் இது அறிமுகமானது. இவ்வீரர்களின் கேலிச்சொற்களில் நம் இலக்கணத்தைக் காண்கிறேன்.

எல்லாரும் ஒருசேரக் கடலில் பாய்ந்து கைகால் மோதும் தொடக்கம், 'வாஷிங் மெஷின்'. மிதிவண்டியை விட்டு இறங்கியதும் ஓடும் பயிற்சி, 'பிரிக்'. கால்கள் செங்கல்லாய்க் கனக்குமாம். இரண்டையும் உவமையாகுபெயர் எனலாம். உடலில் சேமித்த கிளைக்கோஜன் தீர்ந்து தள்ளாடுவது 'பாங்க்'. அடி விழும் ஓசையில் பிறந்த ஒலிக்குறிப்புச் சொல்.

இலக்கணம் நம்மிடம் உண்டு, பழக்கம்தான் இல்லை. பயிற்சித் திடலில் இறங்கியதும் நம் மாணவர்கள் தமிழை மேடையிலேயே விட்டுவிடுகின்றனர். 'சலவைத் தொடக்கம்', 'செங்கல் ஓட்டம்' என்று சொல்லிச் சிரித்துப் பார்ப்போமே! சிரிக்கப் பயன்படாத மொழி நெடுநாள் பேசப்படாது.