சோற்றைக் குறைக்கப் போகிறவனுக்கு

ஈப்போ, புந்தோங்

அன்புள்ள தம்பி,

அடுத்த வாரத்திலிருந்து சோறு, ரொட்டி, சீனி மூன்றையும் அடியோடு நிறுத்தப்போவதாக எழுதியிருக்கிறாய். மாதத்துக்குப் பத்து கிலோ இறங்கும் என்று நீ பார்த்த காணொளிக்காரர் சத்தியம் செய்கிறாராம். அத்தை தாதியாக இருந்தவராயிற்றே, என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறாய். வாட்சாப்பில் ஒரு வரி போட்டால் 'சரி' என்றோ 'வேண்டாம்' என்றோதான் போட முடியும். இரண்டுமே சரியான பதில் இல்லை. அதனால் தாளை எடுத்தேன்.

மாவுச்சத்தைக் குறைத்தால் எடை குறையும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இது நேற்று முளைத்த வித்தையும் இல்லை. லண்டனில் வில்லியம் பேண்டிங் என்று ஒருவர் இருந்தார். இறுதிச் சடங்கு நடத்திக்கொடுக்கும் தொழில். அரச குடும்பத்துச் சாவுக்கே இவர்கள் வீட்டைத்தான் கூப்பிடுவார்கள். அறுபது வயதைத் தாண்டியவர், ஐந்தடி ஐந்தங்குலம், ஏறக்குறைய 92 கிலோ. குனிந்து காலணிக் கயிற்றைக் கட்ட முடியாது, படியில் பின்பக்கமாகத்தான் இறங்குவார். படகு வலித்துப் பார்த்தார். பசி கூடியதுதான் மிச்சம். காது மந்தம் என்று வில்லியம் ஹார்வி என்ற மருத்துவரிடம் போனார். அவரோ ரொட்டி, சீனி, பால், வெண்ணெய், பீர், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் விடச் சொன்னார். 1862 ஆகஸ்டில் தொடங்கி ஓராண்டில் ஏறக்குறைய 21 கிலோ குறைந்தது. அந்த மகிழ்ச்சியில் 1863இல் பொதுமக்களுக்கு ஒரு கடிதமாகவே சிறு நூல் எழுதி அச்சிட்டார். ஆக, இந்த விஷயத்தைக் கடிதத்தில் எழுதும் முதல் ஆள் நான் இல்லை. (சிலாங்கூரில் பந்திங் என்று ஓர் ஊர் இருக்கிறதே, அதற்கும் இவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவர் வேளாவேளைக்குக் குடித்த ஒயினையும் நீ மறந்துவிடு.)

இப்போது கணக்கைப் பார். நூற்று அறுபது வருடமாக ஊரெல்லாம் பேசுகிற அந்த மனிதருக்கே மாதத்துக்கு இரண்டு கிலோகூட இறங்கவில்லை. ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். மாதம் பத்து கிலோ என்றால் தினமும் 2,500 கலோரிக்கு மேல் பற்றாக்குறை; நீ ஒரு நாளில் சாப்பிடுவதே அவ்வளவுதான் இருக்கும். அப்படியானால் முதல் வாரத்தில் மூன்று கிலோ இறங்கியது என்று தராசைக் காட்டுகிறார்களே, பொய்யா? பொய் இல்லை, தண்ணீர். ஈரலிலும் தசையிலும் நாம் சேர்த்துவைக்கும் கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் தன்னோடு மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். மாவுச்சத்தை நிறுத்தினால் முதலில் அந்த இருப்பு கரையும், தண்ணீர் வெளியேறும். மறுபடி பழையபடி சோறு சாப்பிட்டால் அவ்வளவும் திரும்பி வரும். இது தெரியாமல்தான் பலர் இரண்டாவது வாரத்தில் மனம் உடைகிறார்கள்.

இன்னொன்று. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோஃபர் கார்ட்னர் குழுவினர் 609 பேரை இரண்டாகப் பிரித்து ஓராண்டு கவனித்தார்கள். ஒரு கூட்டம் மாவுச்சத்தைக் குறைத்தது, மற்றது கொழுப்பைக் குறைத்தது. 2018இல் வெளியான முடிவு: முதல் கூட்டம் சராசரியாக 6 கிலோ, இரண்டாவது 5.3 கிலோ. அவ்வளவுதான் வித்தியாசம், பெரிதாக எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு கூட்டத்துக்கும் பொதுவாகச் சொன்னவை சில உண்டு: காய்கறி நிறையச் சாப்பிடு, சீனியையும் வெள்ளை மாவையும் தள்ளு, முடிந்தவரை வீட்டில் சமைத்துச் சாப்பிடு. என் கணக்கில் வேலை செய்தது அதுதான்.

அப்படியானால் எண்ணெயைக் குறைத்தாலே போதாதா என்பாய். நம் தட்டுக்குப் போதாது. அமெரிக்கனின் தட்டில் இறைச்சியும் வெண்ணெயும் ஏற்கெனவே குவிந்திருக்கின்றன. நம் தட்டில் குவிந்திருப்பது சோறு. சென்னையில் டாக்டர் வி. மோகன், டாக்டர் ஆர். எம். அஞ்சனா குழுவினர் இந்தியா முழுவதும் 18,090 பேரின் உணவை ஆராய்ந்து 2022இல் எழுதினார்கள். இந்தியர்கள் பெறும் கலோரியில் 60 முதல் 75 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறதாம். அதை 50-55 விழுக்காட்டுக்கு இறக்கி, புரதத்தை 20 விழுக்காடு வரை ஏற்றச் சொல்கிறார்கள். பூஜ்யத்துக்கு இறக்கச் சொல்லவில்லை, கவனி. நீ காணொளியில் பார்த்த, மாவுச்சத்தை ஏறக்குறைய முழுதாக ஒதுக்கும் கீட்டோ உணவுமுறை வேறு சங்கதி. அது 1921 வாக்கில் வலிப்பு நோய்க்கு மருத்துவமாகப் பிறந்தது, மருத்துவர் கண்காணிப்பிலேயே செய்யப்பட்டது.

நாம் இப்படிச் சோறு தின்கிறவர்களானதற்குக் காரணம் சோம்பல் இல்லை தம்பி. உன் பாட்டி சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் கித்தாப் பால் வெட்டியவர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. தலைவிளக்கோடு நிரை நிரையாக நடந்து நூற்றுக்கணக்கான மரம் சீவ வேண்டும், அப்புறம் திரும்பி வந்து மங்கு மங்காகப் பால் எடுக்க வேண்டும், இரண்டு வாளியைக் காண்டாக் கம்பில் தோளேற்றி ஸ்டோருக்குச் சுமக்க வேண்டும். அந்த உடம்புக்குக் குண்டான் சோறு அதிகம் இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கையே தின்று உயிர் பிழைத்த தலைமுறைக்கு, வயிறு நிறைய வெள்ளைச் சோறு என்பது கௌரவமும் ஆனது.

சோற்றை வில்லனாக்கிப் பேசுகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது ஒன்று. நூறு வருடத்துக்கு முன் மலாயாவில் பெரிபெரி நோய் கொத்துக் கொத்தாக ஆட்களைக் கொன்றது. ஈயச் சுரங்கங்களில் தீட்டிய வெள்ளை அரிசி தின்ற சீனத் தொழிலாளிகள் கால் வீங்கிச் செத்தார்கள். புழுங்கல் அரிசி தின்ற தமிழர்களை அது பெரும்பாலும் தொடவில்லை. நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த பிராடன் இதை ஊன்றிக் கவனித்து 1907இல் நூலாகவே எழுதினார். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் ஃபிளெட்சர் இரண்டு அரிசியையும் இரண்டு கூட்டத்துக்குக் கொடுத்துச் சோதித்து உறுதி செய்தார். நெல்லை வேகவைக்கும்போது தவிட்டிலிருக்கும் பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்குவதுதான் காரணம் என்பது பிறகுதான் தெரிந்தது. நம் சோறு நம்மைக் காப்பாற்றிய கதையும் இருக்கிறது. ஆனால் 'நான் புழுங்கல்தான் சாப்பிடுகிறேன், பாஸ்மதிதான் சாப்பிடுகிறேன்' என்று இன்றைக்கு ஒருவர் மூன்று கரண்டி போட்டுக்கொண்டால் அந்தக் கதை உதவாது. எந்த அரிசியானாலும் 100 கிராம் சோற்றில் மாவுச்சத்து ஏறக்குறைய 28 கிராம்தான்.

பிறகு தோட்டம் போயிற்று. கித்தா மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள். நாம் தாமான் குடியிருப்புக்கு வந்தோம். சோற்றுக் குண்டானும் அளவு மாறாமல் கூடவே வந்தது. போதாதென்று டின்பால், மைதா ரொட்டி, பாக்கெட் மீ எல்லாம் சேர்ந்துகொண்டன. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு; இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4. மூன்று பேரில் ஒருவர் என்றே வைத்துக்கொள்.

'நான் அவ்வளவு குண்டு இல்லையே அத்தை' என்பாய். நம் உடம்பின் சூது அங்கேதான். புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் சேர்ந்து நின்று எடுத்த படம் 2004இல் லான்செட் இதழில் வந்தது. இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு ஒன்றே, 22.3. ஆனால் உடம்பிலிருந்த கொழுப்பு யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. அதனால் நீ தராசோடு மல்லுக்கட்டாதே. தையல்காரர் டேப் ஒன்று வாங்கி இடுப்பை அள. நம் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதைத் தாண்டினால் கவலை. உடல் நிறைக் குறியீடு 23க்கு மேல் போனாலே ஆசியர்களுக்கு எச்சரிக்கை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவும் சொல்லியிருக்கிறது.

சரி, அடுப்படிக்கு வருவோம். முதலில் குவளையிலிருந்து தொடங்கு, தட்டிலிருந்து அல்ல. டின்பாலில் பாதிக்கு மேல் சீனி. ஈப்போ வெள்ளைக் கோப்பி நம் ஊர்ப் பெருமைதான். அதிலும் அந்த டின்பாலேதான். 2019 ஜூலையில் 100 மில்லியில் 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி போட்டார்கள், ஆனால் மாமாக் கடையில் ஆற்றிக் கொடுக்கும் தே தாரிக்குக்கு அந்த வரி இல்லை. நீ ஒரு நாளைக்கு எத்தனை குவளை குடிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். 'கோப்பி ஓ கொசோங்' என்று, பாலும் சீனியும் இல்லாமல் கேட்கப் பழகு. கசக்கும், கொஞ்ச நாளில் நாக்கு ஏற்றுக்கொள்ளும். இது ஒன்றைச் செய்தாலே வேறெதையும் தொடாமல் ஆரம்ப மாதத்தை ஓட்டிவிடலாம்.

அடுத்து, சோற்றை நிறுத்திவிட்டுச் சப்பாத்திக்கும் கேழ்வரகுக்கும் தாவுவது. இது நம் ஆட்களின் பெரிய சுய ஏமாற்று. 100 கிராம் கேழ்வரகு மாவில் மாவுச்சத்து எழுபது கிராம் பக்கம். கோதுமை மாவும் அதை ஒட்டித்தான். ஒரு சப்பாத்திக்கு 20 கிராம் என்று வை. நாலு சப்பாத்தி ஒரு தட்டுச் சோற்றுக்குச் சமம். நார்ச்சத்து கொஞ்சம் கூட, அவ்வளவே. பருப்பும் அப்படித்தான். சாம்பாரில் புரதம் இருக்கிறது என்று நம்புகிறோம். வெந்த பருப்பில் புரதத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் மாவுச்சத்து. அதற்காகப் பருப்பை ஒதுக்காதே. அதைச் சோற்றோடு சேர்த்து எண்ணு, மீனோடு சேர்த்து எண்ணாதே.

தட்டில் சோறு 300 கிராம் இருந்தால் 100 ஆக்கு. ஒரு வேளைக்கு 260 கலோரி மிச்சம். ஆனால் காலியான இடத்தில் எதை வைப்பாய்? இதைச் சொல்லாமல் 'குறை, குறை' என்பதால்தான் ராத்திரி பதினொரு மணிக்கு ரொட்டி சானாய் கடையில் போய் உட்காருகிறார்கள். இரண்டு முட்டை, அல்லது உள்ளங்கை அளவு கெம்போங் மீன், கோழி, தெம்பே. சைவ நாளில் தெம்பேயும் தவுஃபூவும் நமக்குக் கிடைத்த வரம். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. பாதித் தட்டு சாயூர்: கங்கோங், முருங்கைக்கீரை, வெண்டைக்காய், கோவைக்காய். ஈப்போவின் குண்டு தவ்கே முளைப்பயறு பேர் பெற்றது; வெந்நீரில் முக்கி எடுத்து மிளகும் உப்பும் போட்டு, அவித்த கோழியோடு சாப்பிடு. பக்கத்தில் வரும் குவேத்தியா அரிசி மீயை மட்டும் நண்பனிடம் தள்ளிவிடு. சுகாதார அமைச்சு 'சுக்கு சுக்கு செப்பாரோ' என்று சுவரொட்டி ஒட்டுகிறதே, கால் தட்டுச் சோறு, கால் தட்டு மீன் இறைச்சி, பாதி காய்கனி என்று, அதுவும் இதையேதான் சொல்கிறது. அரசாங்கம் சொன்னதாலேயே யாரும் மதிப்பதில்லை.

கொறிக்கவா? நம் புந்தோங் கச்சாங் பூத்தே இருக்கிறது. ஆனால் முறுக்கும் பக்கோடாவும் மாவும் எண்ணெயும்தான். வறுத்த நிலக்கடலையை ஒரு கைப்பிடி எடு, பொட்டலத்தைக் கட்டி மேலே வை. பீடோர் கொய்யா நல்லது. தம்பூன் பம்ளிமாசு சில சுளை சாப்பிடலாம். டுரியான் காலம் வந்தால் அன்றைக்குச் சோறே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டு உட்கார்.

கொழுப்பைப் பற்றியும் சொல்கிறேன். சோறு இல்லையென்றால் நெய்யும் தேங்காய்ப்பாலும் இஷ்டத்துக்கு ஊற்றலாம் என்று காணொளிக்காரர் சொல்வார். சிலருக்கு அதில் கெட்ட கொழுப்பு குபீரென்று ஏறும். ஆரம்பிக்கும் முன் ஒரு முறையும் மூன்று மாதம் கழித்து ஒரு முறையும் ரத்தம் கொடுத்துப் பார். முதல் வாரம் தலைவலி, அசதி, மலச்சிக்கல் வரலாம். உடம்பிலிருந்து தண்ணீரோடு உப்பும் போவதால்தான். ரசமோ மோரோ உப்பிட்டுக் குடி. கல்யாணம், தைப்பூசம், தீபாவளி எல்லாம் வரும். வாழையிலையில் உட்கார்ந்தால் நன்றாகச் சாப்பிடு, இரண்டாவது முறை சோறு வைக்க வரும்போது மட்டும் கையை மறை. மறுநாள் பட்டினி கிடந்து பிராயச்சித்தம் தேடாதே.

இதெல்லாம் உனக்கு. உன் அப்பாவும் உன்னோடு சேர்ந்து ஆரம்பிக்கப்போகிறார் என்று அண்ணி சொன்னார். நீரிழிவுக்கு மருந்து சாப்பிடுகிறவர்; அவரை நிறுத்திவை. இன்சுலின் போடுகிறவரோ கிளிக்லசைடு மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவரோ திடீரென்று சோற்றைக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழலாம். மருந்தின் அளவை முதலில் குறைக்க வேண்டும். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் மாதிரி 'கிளிஃப்ளோசின்' என்று முடியும் மாத்திரைகள் என்றால் இன்னும் கவனம்: மாவுச்சத்தை மிகவும் இறக்கினால் ரத்தம் அமிலமாகிவிடும் ஆபத்து உண்டு, அப்போது சர்க்கரை அளவு சாதாரணமாகவே காட்டி ஏமாற்றும். சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் புரதத்தின் அளவையும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை உன் அப்பாவுக்கு கிளினிக் தேதி. நீயும் கூடப் போ, மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டு எடுத்துப் போய், சோற்றை மூன்றில் ஒன்றாகக் குறைக்கப்போகிறோம் என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல். அவர் மருந்தைத் திருத்தி எழுதிக் கொடுத்த பிறகு இரண்டு பேரும் ஒரே நாளில் ஆரம்பியுங்கள். அதுவரை கோப்பி ஓ கொசோங் குடித்துக்கொண்டிரு.

அன்புடன்,
அத்தை