வணிகர்க்கு ஆங்கிலம்: 'டாஸ்லிங்'

சோப்புத்தூள் பாக்கெட்டிலும் நோட்டீசிலும் அடிக்கடி கண்ணில் படும் சொல் இது. எழுத்துக்கள்: டி, ஏ, அடுத்து இரண்டு இசட், பிறகு எல், ஐ, என், ஜி. 'கண் கூசும்படி ஒளிர்கிற' என்பது பொருள். 'பளபளப்பான' என்று மட்டும் எழுதிக்கொண்டால் பாதிப் பொருள்தான் கிடைக்கும்.

ஆங்கிலத்தில் 'டேஸ்' என்றால் திகைக்கச் செய்தல். அதிலிருந்து பிறந்த வினையே 'டாஸில்'. ஆகவே இச்சொல்லில் வெளிச்சத்தோடு, பார்ப்பவர் கண் ஒரு கணம் தடுமாறுவதும் அடங்கியிருக்கிறது. நம் சரக்கு வண்டியின் முகப்பு விளக்கு எதிரே வருபவர் கண்ணைக் கூசச் செய்யக் கூடாது என்று சொல்லும் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளிலும் இச்சொல்தான் இருக்கிறது.

'பிரைட்' சாதாரண வெளிச்சம். 'பிரில்லியண்ட்' வைரம்போல் சுடர்விடுவது. கெட்டிக்காரப் பிள்ளையையும் அப்படிச் சொல்வார்கள். 'கிளேரிங்' வேறு ரகம். கண்ணை உறுத்துவது. வரி அலுவலகத்திலிருந்து 'கிளேரிங் எரர்' என்று கடிதம் வந்தால், கணக்கில் அப்பட்டமான பிழை என்று பொருள். அகராதியில் 'ஒளிர்கிற' என்று பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். உடனே பதில் போட வேண்டிய கடிதம் அது.

'டாஸ்லிங் ஒயிட்' என்று வேட்டிக்கும் சோப்புத்தூளுக்கும் எழுதலாம். (சோப்புத்தூளில் சேர்க்கும் வெண்மையூட்டி, புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தருகிறது. துணியின் மஞ்சள் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. சொல் பொருத்தமாகத்தான் வந்து அமைந்திருக்கிறது!)

ஆனால் மஞ்சள் தூளுக்கும் துவரம் பருப்புக்கும் 'டாஸ்லிங் எல்லோ' என்று போர்டு எழுத வேண்டாம். கண்ணைப் பறிக்கும் மஞ்சள் என்றால் விவரம் தெரிந்தவருக்கு மெட்டானில் எல்லோ என்ற தடை செய்யப்பட்ட சாயம்தான் நினைவுக்கு வரும். அச்சாயம் கலந்த பருப்பு ஊறிய நீரில் சில துளி ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் நீர் இளஞ்சிவப்பாகிவிடும். மொத்த வியாபாரியிடமிருந்து வரும் பருப்பு அளவுக்கு மீறிப் பளிச்சிட்டால் சோதித்துப் பார்த்தபின் மூட்டையை இறக்குங்கள். சாயமே கலக்காத சரக்காக இருந்தாலும், உள்ளதற்கு மாறான விளம்பரத்துக்கு 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

பருப்புக்கு 'கிளீன்', வற்றலுக்கு 'பிரைட் ரெட்' என்று எழுதினால் போதும். 'டாஸ்லிங்' பாத்திரக்கடைக்காரருக்கு இருக்கட்டும்.