கத்தி பிடித்த கை

திருப்பதி மலைக்குப் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் கல்யாணக்கட்டாவைப் பார்த்திருப்பீர்கள். முடி காணிக்கை கொடுக்கும் இடம் அது. இரவு, பகல் பாராமல் அங்கே வேலை நடக்கும். சவரத் தொழிலாளர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கையில் ஒரு டோக்கன் கொடுப்பார்கள். அதில் உள்ள எண்ணைப் படித்து, அந்த எண்ணுக்கு உரியவரிடம் போய்த் தலையைக் குனிய வேண்டும். ஒரே நாளில் ஆயிரக்கணக்கான பேர் மொட்டை போட்டுக்கொள்கிறார்கள். இதற்குக் கட்டணம் கிடையாது.

ஆண்கள் மட்டுமா முடி கொடுக்கிறார்கள்? பெண்களும் கொடுக்கிறார்கள். பிள்ளையின் நோய் தீர வேண்டும், கடன் அடைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வருகிறார்கள். ஆனால் வெகுகாலம் அங்கே கத்தி பிடித்தவர்கள் எல்லாரும் ஆண்கள்தான். முன்பின் தெரியாத ஓர் ஆண் தலையைத் தொடுவார். தலையில் ஊற்றிய தண்ணீர் புடவையை நனைக்கும். அப்படியே குனிந்து உட்கார்ந்திருக்க வேண்டும். பல பெண்களுக்கு இது கூச்சமாக இருந்தது. ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது? சாமி காரியம் ஆயிற்றே!

"பெண்களுக்கு நாங்கள் முடி எடுக்கிறோம். எங்களுக்கு வேலை கொடுங்கள்" என்று சில பெண்கள் கேட்டார்கள். "இது வழக்கத்தில் இல்லையே" என்று எதிர்ப்பு வந்தது. ஆனாலும் அவர்கள் விடவில்லை. 2005-ஆம் ஆண்டில் கல்யாணக்கட்டாவில் பெண்கள் வேலைக்கு வந்தார்கள். அப்போது திருப்பதி, சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. திருப்பதி தனி மாவட்டம் ஆனது 2022-இல்தான்.

அவ்வளவு பெரிய இடத்தில் போய் வேலை கேட்க இந்தப் பெண்களுக்கு எப்படித் தைரியம் வந்தது? "தைரியமாக இரு" என்று யாராவது சொன்னால் தைரியம் வந்துவிடுமா? வராது. நமக்கே தெரியும்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். முன்பெல்லாம் கிராமத்தில் சவரம் செய்யும் குடும்பத்துப் பெண்களுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அவர்கள்தான் மருத்துவச்சிகள். தமிழ்நாட்டிலும் அப்படித்தான், ஆந்திராவிலும் அப்படித்தான். ஊரில் எந்த வீட்டில் வலி எடுத்தாலும் நள்ளிரவில் கூப்பிடுவார்கள். பிள்ளையை எடுப்பதும் தொப்புள் கொடியை அறுப்பதும் அவர்களே. பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு அந்த வேலை குறைந்தது. ஆண்களுக்குக் கடை வந்தது. பெண்களுக்கு என்ன வந்தது? கூலி வேலைதான் மிஞ்சியது. ஆக, பெண்ணின் கைக்குக் கத்தி புதிதல்ல. இடையில் அது கைவிட்டுப் போயிருந்தது, அவ்வளவுதான்.

கைவிட்டுப் போனதைத் திரும்பப் பழக வேண்டும் அல்லவா? சவரம் பழகுவதற்கு ஒரு வழி இருக்கிறது. பலூனை ஊதி அதன்மேல் சோப்பு நுரை தடவுவார்கள். பலூன் வெடிக்காமல் நுரையை மட்டும் வழித்து எடுக்க வேண்டும். முதல் நாள் பலூன் வெடிக்கும். மறுநாளும் வெடிக்கும். சில நாள் போனால் கை தானாக இளகும். அதன்பிறகுதான் மனிதத் தலை.

தலையில் நிறையத் தண்ணீர் விட்டு முடியை ஊற வைக்க வேண்டும். இடது கையால் தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும். பிளேடைச் சாய்த்து, முடி போகும் போக்கிலேயே வழிக்க வேண்டும். எதிர்ப்போக்கில் வழித்தால் தோல் கீறும். கைக்குழந்தை என்றால் இன்னும் கவனம் வேண்டும். உச்சிக்குழி மூடுவதற்குச் சுமார் ஒன்றரை வயது ஆகும். அந்த இடத்தில் அழுத்தவே கூடாது. ஒவ்வொருவருக்கும் புது பிளேடு போட வேண்டும். ஒருவருக்குப் போட்ட பிளேடை இன்னொருவருக்குப் போட்டால் மஞ்சள் காமாலைக் கிருமியும் எய்ட்ஸ் கிருமியும் ரத்தத்தின் வழியே பரவலாம்.

இவ்வளவும் தெரிந்த ஒருத்தி யாரிடமும் கெஞ்ச மாட்டாள். "எனக்கு இந்த வேலை தெரியும்" என்பாள். அந்தப் பேச்சுக்கே ஒரு பலம் உண்டு.

மகாராஷ்டிராவில் ஒரு பெண் இப்படித்தான் கத்தி எடுத்தார். அவர் பெயர் சாந்தாபாய் யாதவ். கோலாப்பூர் மாவட்டத்தில் ஒரு சிறிய ஊர். கணவர் சவரத் தொழிலாளி. அவர் 1984-இல் இறந்துபோனார். வீட்டில் நான்கு பெண் குழந்தைகள். கூலி வேலைக்குப் போனார் சாந்தாபாய். வயிறு நிறையவில்லை. ஊர்ப் பெரியவர் ஹரிபாவ் கடுகர், "உன் கணவர் செய்த வேலையை நீயே செய்தால் என்ன?" என்று கேட்டார். கேட்டதோடு விடவில்லை. முதல் ஆளாக வந்து தாமே உட்கார்ந்தார்! ஊரில் பலர் சிரித்தார்கள். சாந்தாபாய் குழந்தைகளை ஹரிபாவின் வீட்டில் விட்டுவிட்டுப் பக்கத்து ஊர்களுக்கு நடந்தே போய் வேலை செய்தார். எருமை மாடுகளுக்கும் முடி மழித்தார். நான்கு பெண்களையும் வளர்த்துக் கட்டிக்கொடுத்தார்.

ஹரிபாவ் செய்த உதவியைக் கவனியுங்கள். அவர் அறிவுரையோடு நிறுத்தவில்லை, தம் தலையையே கொடுத்தார். நம் ஊரில் எத்தனை பேர் அப்படிச் செய்வார்கள்?

சட்டமும் பெண்கள் பக்கம் இருக்கிறது. நமது அரசியலமைப்பின் 16-ஆவது பிரிவு, அரசு வேலையில் ஆண், பெண் என்று பார்த்து ஒதுக்கக் கூடாது என்கிறது. ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும் என்று 39-ஆவது பிரிவு சொல்கிறது. கூலி பேசும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, நீங்களும் ஒரு வேலை கேட்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சித்தூரில் மாம்பழக்கூழ் ஆலையாக இருக்கலாம், திருப்பதியில் ஒரு விடுதியாக இருக்கலாம். நேற்றுவரை கூடை தூக்கினீர்கள். இன்று மேற்பார்வை வேலை கேட்கிறீர்கள். மனுவில் என்ன எழுதுவது?

"ஐயா, உங்களைத்தான் நம்பியிருக்கிறேன், ஏழை, கருணை காட்டுங்கள்" என்று பலர் எழுதுவார்கள். அது வேண்டாம். இப்படி எழுதிப் பாருங்கள்:

"ஐயா, நான் இங்கே ஆறு வருடமாக வேலை செய்கிறேன். எடை போடவும் பதிவேட்டில் கணக்கு எழுதவும் எனக்குத் தெரியும். எங்கள் பிரிவில் பெண்களே அதிகம். மேற்பார்வைக்கு ஒரு பெண் இருந்தால் குறைகளைத் தயங்காமல் சொல்வார்கள். அந்த வேலையை எனக்குத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்."

என்ன தெரியும், அதனால் அவர்களுக்கு என்ன பயன் என்ற இரண்டும் இதில் இருக்கின்றன. மலையில் வேலை கேட்ட பெண்களின் பக்கமும் இந்த இரண்டும் இருந்தன. அவர்களுக்குச் சவரம் தெரியும். கூச்சத்தோடு குனிந்த ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அவர்கள் தேவைப்பட்டார்கள்.

எழுதியதை வீட்டில் நான்கு தடவை சத்தமாகப் படியுங்கள். அதிகாரி முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். படித்துப் பழகியிருந்தால் வார்த்தை வரும். தனியாகப் போகப் பயமாக இருந்தால் கூட ஒரு தோழியை அழைத்துப் போங்கள். மனுவில் ரேகை வைக்காதீர்கள், கையெழுத்துப் போடுங்கள். நகல் ஒன்றில் தேதியும் முத்திரையும் போட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பினால், அடுத்த முறை போகும்போது அந்தத் தாள் கையில் இருக்க வேண்டும்.